ஜீப் வேண்டாம், ஒட்டகம்தான்!

மூலக்கொத்தளத்து நண்பர்கள் நான்கு பேர் சீட்டுப் பணத்தில் ஜெய்சல்மேர் போனார்கள். அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் சாம் மணல்மேடுகள். பாலைவனத்தைச் சுற்ற ஜீப்பா, ஒட்டகமா? மூவர் ஜீப் என்றார்கள். ஒருவர் மட்டும் ஒட்டகம்தான் என்று அடம்பிடித்து ஜெயித்தார்.

ஒட்டகம் முதலில் பின்னங்கால்களை ஊன்றித்தான் எழும். பின்பக்கமாகச் சாயாவிட்டால் குப்புற விழ வேண்டியதுதான். நால்வரும் அலறினார்கள்; அப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை.

"என் மகன் ஜீப் ஓட்டப் போய்விட்டான்" என்றார் ஒட்டகக்காரர். துறைமுக வேலையில் கற்ற இந்தியில், அடம்பிடித்தவர்தான் அதை மற்றவர்களுக்குச் சொன்னார்.

ராஜஸ்தான் 2014-ல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. ஆனாலும், 2012-ல் நாடு முழுக்க 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள், 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டன.

சவாரி முடிந்தது. அவர் பேரம் பேசவில்லை. கேட்டதற்கு மேல் 200 ரூபாய் கொடுத்துவிட்டு, ஒட்டகத்தின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"எங்கப்பா காசிமேட்டுல மீன்பாடி வண்டி ஓட்டுனவருடா. குட்டியானை வந்ததும் லோடு கொறைஞ்சு, வண்டியையே வித்துட்டாரு" என்றார்.

அதன்பிறகு மூவரும் ஜீப்பைப் பற்றிப் பேசவே இல்லை.