மிதவைக்குள் புகுந்த ஏரி

மே மாதத்தில் மினசோட்டாவின் படகுப் பட்டறைகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஏரிகளில் பனிக்கட்டி உருகியதும், குளிர்காலம் முழுக்க உறைபோட்டு நிறுத்தியிருந்த படகுகளை எல்லோரும் ஒரே வேகத்தில் தண்ணீரில் இறக்குகிறார்கள். 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளே 11,842 உள்ள மாநிலம் அது. இறக்கிய சில நாட்களில், ஒருபக்கமாகச் சாய்ந்த படகுகள் டிரெய்லர் ஏறிப் பட்டறைக்கு வரத் தொடங்கும். ரிச்மண்ட் என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு பட்டறைக்கு நான் போனது அந்த நாட்களில்.

இந்த ஊரைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் அம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, இரண்டு நீள மிதவைகளாக்கி, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் விட்டது இந்தப் பக்கத்தில்தான். பான்டூன் எனப்படும் இந்த மிதவைப் படகுத் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. இன்று பீப்பாய்க்குப் பதில் அலுமினியக் குழாய். பெரும்பாலும் 60 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலோ குறைவோ விட்டம், தகட்டின் கனம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர். உள்ளே குறுக்குத் தடுப்புகள் வைத்துக் குழாயை அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை படகைத் தாங்கிக்கொள்ளும். உயிரைக் காக்கும் அந்த ஏற்பாடே ஒழுகலை மறைத்தும் வைக்கிறது. ஒரு மீட்டர் நீள அறை நிறைந்தால் சுமார் 290 லிட்டர். நாலு பேர் எப்போதும் ஒரு மூலையிலேயே உட்கார்ந்திருக்கும் பாரம் அது. படகுக்காரர் முதலில் சந்தேகப்படுவது என்ஜினைத்தான்.

பட்டறையில் இரண்டு பேர். அறுபதைத் தாண்டிய மூத்தவர். அவரிடம் தொழில் கற்று இப்போது வெல்டிங் முழுவதையும் தானே பார்த்துக்கொள்ளும் ஓர் இளம்பெண். அன்று தாங்கிகளில் ஏற்றியிருந்த படகின் சொந்தக்காரர் காரணத்தையும் சொல்லிவிட்டே போயிருந்தார்: போன வருஷம் முன்பக்கம் பாறையில் இடித்துவிட்டது, அந்த நசுங்கலில்தான் ஒழுகுகிறது. அங்கே எப்பாக்சியை அவரே தடிமனாகப் பூசியும் இருந்தார்.

மூத்தவர் அந்த நசுங்கல் பக்கமே போகவில்லை. ரப்பர் சுத்தியலால் குழாயை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே நடந்தார். முன் அறையில் கணீரென்ற ஓசை. பின்னால் வர வர அது மங்கி, கடைசி அறையில் கட்டையைத் தட்டுவது போலக் கேட்டது. அடிப் பிளக்கைத் திறந்ததும் ஏரித் தண்ணீர் வெகுநேரம் கொட்டியது.

சைக்கிள் டியூப் என்றால் வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழியைப் பார்க்கலாம். ஏழு மீட்டர்க் குழாயை எதில் முக்குவது? தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு அறைக்குள் காற்றை ஏற்றுகிறார்கள். மேலே சோப்புத் தண்ணீர் தெளிக்கிறார்கள். காற்றின் அளவில்தான் எச்சரிக்கை. 3 பிஎஸ்ஐக்கு மேல் அந்தப் பெண் விடுவதே இல்லை. கார் டயரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் அந்த 3 பிஎஸ்ஐ, 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை 600 கிலோ விசையோடு வெளியே தள்ளுகிறது. கம்ப்ரஸரை அப்படியே திறந்துவிட்டால் மூடி பிதுங்கும், தையல் பிளக்கும். பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. சோதனையை வெயிலில் செய்வதும் இல்லை. உள்ளே காற்று சூடானால் கேஜ் முள் தானாக ஏறி, ஒழுகும் குழாயையும் நல்ல குழாய் என்று காட்டிவிடும்.

இந்தச் சூட்டில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஊசிமுனைத் துளை வழியாக இவ்வளவு தண்ணீர் எப்படிப் புகுந்தது என்று கேட்டேன். கரையில் வெயிலில் நின்ற குழாய்க்குள் காற்று 40 டிகிரி இருக்கும். 20 டிகிரி ஏரியில் இறக்கியதும் அது சுருங்கும். அடைபட்ட அறையில் அழுத்தம் ஆறு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. அறுபது சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சித் தூக்கப் போதுமான இழுப்பு அது. பகலில் காற்றை வெளியே விட்டு, இரவில் தண்ணீரை உள்ளே இழுத்து, குழாய் தினமும் மூச்சுவிடுகிறது. கோடை முழுக்க இப்படிச் சேர்ந்ததை வடிக்காமல் விட்டால், குளிர்காலத்தில் அது உறைந்து ஒன்பது சதவீதம் விரியும். ஊசித்துளையாக இருந்தது வசந்தத்தில் விரிசலாகிவிடும்.

சோப்பு நுரை பாறை இடித்த இடத்தில் அசையவே இல்லை. தளத்தைத் தாங்கும் பிராக்கெட்டுகளின் ஓரங்களை அந்தப் பெண் நிதானமாகப் பார்த்தார். வெல்டிங் சூட்டில் பக்கத்துத் தகடு மென்மையாகிவிடுவதால் விரிசல் பெரும்பாலும் தையலை ஒட்டியே வருமாம். அங்கும் ஒன்றுமில்லை. கடைசியில் குழாயின் அடியில், ஒரே நேர்கோட்டில், மூன்று இடங்களில் நுரை பொங்கியது. துடைத்துப் பார்த்தால் கோடு நெடுக வெண்பொடி படிந்த சிறு குழிகள்.

மூத்தவர் எழுந்து வாசலில் நின்ற டிரெய்லரைப் பார்க்கப் போனார். படகு உட்காரும் நீளக் கட்டைகள் சரியாக அந்தக் குழிகளின் கோட்டுக்கு நேராக இருந்தன. பூச்சி அரிக்காமலிருக்கச் செம்புச் சேர்மம் ஏற்றிய மரம்; மேலே ஈரம் காயாத கம்பளம். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும், நன்னீரானாலும் சரி. ஏரியில் மிதந்தபோது அல்ல, கரையில் ஓய்வெடுத்தபோதே இந்தப் படகு ஓட்டையாகிக்கொண்டிருந்தது. எனக்கு இந்தத் தொழிலின் மேல் மரியாதை உண்டானது இந்த இடத்தில்தான். மூன்று துளைகளை அடைத்துக் காசு வாங்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் நாலாவது துளை விழுந்திருக்கும்.

குழிகளைத் தேய்த்துக் காயவைத்து, மேலே மூலைகளை வளைவாக்கிய ஒட்டுத்தகடு வைப்பதென்று முடிவாயிற்று. கூரான மூலை வைத்தால் அங்கிருந்து விரிசல் கிளம்பும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலிருக்கும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் படலத்தை முதலில் நீக்கியாக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க அசிட்டோன், பிறகு இரும்பைத் தொடாத தனிக் கம்பித் தூரிகை. பிரேக் கிளீனருக்கு அந்தப் பக்கமே இடமில்லை. அதன் சில வகைகளில் உள்ள குளோரின் சேர்மங்கள் வெல்டிங் மின்வில்லில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாகும். பிறகு அந்தப் பெண் மேல் பிளக்கைக் கழற்றி வைத்தார். அறை மூடியிருந்தால் சூடேறிய காற்று, உருகிய உலோகத்தைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். கடைசிப் பொட்டு எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. ஆர்கான் சீறலுக்கு நடுவே அவர் கை நகர்ந்த சீரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மறுபடி காற்று, மறுபடி சோப்புத் தண்ணீர். முள் அசையவில்லை.

மாலையில் சொந்தக்காரர் வந்தார். டிரெய்லர் கட்டைகளை மாற்றும் செலவைக் கேட்டு முகம் சுளித்தார். அந்தப் பெண் வாதாடவில்லை. கம்பளத்தை உரித்து, கட்டையின் பச்சை நிறத்தையும், அது உட்கார்ந்த இடத்தில் குழாயிலிருந்த குழிகளையும் விரல்வைத்துக் காட்டினார். மருந்தேற்றாத மரம் போடச் சம்மதித்த பிறகே பில் எழுதினார். பின்பக்கத்தில், இலையுதிர்காலத்தில் உறைபோடும் முன் எல்லாப் பிளக்குகளையும் திறந்து வடிக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் வந்தது என்று குறித்துவைத்து வசந்தத்தில் தனக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி, அதன் கீழும் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.