அம்மாச்சி வீடு காணாமல் போன கதை

பத்து நாளாக இந்தப் பக்கம் நான் வரவில்லை. போன் போட்டு விசாரித்தவர்களுக்கு நன்றி, உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு தப்பு செய்துவிட்டு அதைச் சரிசெய்து கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் வயிற்றுப் பேரன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன மே மாதத்திலிருந்து கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு செய்கிறான். விளையாடுவதை அல்ல, செய்வதைச் சொல்கிறேன். ஜிபி ஸ்டுடியோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. 1989-இல் நிண்டெண்டோ கம்பெனி கேம் பாய் என்று ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டியை விட்டது. அதில் ஓடக்கூடிய விளையாட்டுகளை இன்றைக்கும் இந்த மென்பொருளில் உருவாக்கலாம். "இவரிடம் போய் பட்டனைத் தட்டினால் இந்தப் பேச்சு வரட்டும், இந்தக் கதவைத் தொட்டால் அடுத்த அறை வரட்டும்" என்று கட்டளைகளை அடுக்கிக்கொண்டே போனால் போதும்.

அவன் எடுத்துக்கொண்டது எங்கள் பழைய வீட்டை. 2009-இல் விற்றோம், வாங்கியவர்கள் இடித்துவிட்டார்கள். அவன் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. நானும் உங்கள் சாரும் சொல்லச் சொல்லத்தான் செய்தான். விளையாட்டுக்குப் பெயரே 'அம்மாச்சி வீடு'.

கேம் பாய் திரை அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144 புள்ளி. கேட்டதும் எனக்குக் கிராஃப் தாள்தான் ஞாபகம் வந்தது. ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் 16 சென்டிமீட்டருக்கு 14.4, தாளில் அடங்கிவிடும். திரையை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்தால் 360 கட்டம் வரும், அதில் 192 கட்டம்தான் வேறு வேறாக இருக்கலாம், மற்றவை திரும்பத் திரும்ப வர வேண்டும் என்றான். கோலம் போடுகிறவளுக்கு இது ஒரு கஷ்டமா? திண்ணை, முற்றம், அடுப்படி, கிணற்றடி எல்லாம் நான் தாளில் போட்டுக் கொடுத்தேன், அவன் பார்த்து வரைந்தான். தாத்தாவை மட்டும் அவனே வரைந்தான். பதினாறுக்குப் பதினாறு புள்ளியில் குடையோடு ஓர் ஆள். நடை அச்சு அசல் அவர்தான்.

கொல்லைப்புறம் மட்டும் தாளில் போடவில்லை. ஜனவரியில் அவர் படுக்கையில் கிடந்தபடி "கொய்யா மரம் இந்தப் பக்கம்டா, தொட்டி அந்தப் பக்கம்" என்று சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கம்ப்யூட்டரிலேயே வரைந்தான். பிப்ரவரியில் அவர் போய்ச் சேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள்.

இனி என் தப்புக்கு வருகிறேன். மடிக்கணினி திணறியது. கடையில் கொடுத்தால் ஃபார்மட் செய்துதான் தருவோம் என்றார்கள். பேரன் பள்ளிக்குப் போயிருந்தான். நான் பென் டிரைவைச் செருகி, அவனுடைய ஃபோல்டரைத் திறந்தேன். 'அம்மாச்சி வீடு' என்ற பெயரில் ஒரு ஃபைல், பக்கத்தில் 'அசெட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். இந்த ஃபோல்டர் மென்பொருளோடு வந்த சாமான் போலிருக்கிறது என்று நினைத்து, பெயர் போட்ட ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடைக்காரத் தம்பி "எல்லாம் எடுத்துட்டீங்களாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். "எடுத்தாச்சுப்பா" என்றேன்.

திரும்பி வந்த கணினியில் பேரன் அதைத் திறந்தான். அறைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. எழுதிய பேச்சு, கட்டளை எல்லாம் இருந்தன. படம் ஒன்றுகூட இல்லை. அந்த ஃபைலில் இருப்பது எந்த அறையில் எந்தப் படம் என்ற குறிப்புதானாம், படங்கள் எல்லாம் அசெட்ஸ் ஃபோல்டருக்குள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, வகுப்பில் பிள்ளைகள் இல்லை என்கிற மாதிரி.

கத்துவான் என்று பார்த்தேன். "பரவால்ல அம்மாச்சி" என்று மூடிவைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். அதற்கு இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள்தான் ஒரு வழி தெரிந்தது. டிசம்பர் விடுமுறையில் அவன் முடித்தவரைக்கும் விளையாட்டாக மாற்றி, கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி பேத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அவள் அழிக்காமல் வைத்திருந்தாள், மகராசி. ஆனால் அப்படி மாற்றிய ஃபைலை இந்த மென்பொருளில் திறந்து திருத்த முடியாது. டி.சி.யை வைத்துக்கொண்டு சேர்க்கைப் பதிவேட்டை எழுத முடியுமா? விளையாட மட்டும் செய்யலாம். எமுலேட்டரில் போட்டதும் திண்ணையில் அவர் நின்றார். பட்டனைத் தட்டினான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் "சாப்டியாடா" என்று கேட்டார். எனக்குக் கொஞ்ச நேரம் பேச வரவில்லை.

பிறகு வேலை நடந்தது. ஒவ்வோர் அறையாகப் போய் திரையைப் படம் பிடித்தான். தெரு இரண்டு திரை அகலம், இரண்டாகப் பிடித்து ஒட்டினான். மென்பொருள் கேட்கிற நாலு பச்சை நிறத்துக்கு மாற்றி, ஒவ்வோர் அறைக்கும் படத்தைத் திரும்பப் பொருத்தினோம். கிணற்றடி டிசம்பருக்குப் பிறகு போட்டது. அதற்கு என் கிராஃப் தாள் பீரோவில் இருந்தது. தாத்தாவை மீட்டதுதான் பெரும்பாடு. அவருக்குப் பின்னால் சுவர் தெரியும், சுவரின் புள்ளியை எல்லாம் நீக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் விளையாட்டை நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கி, நான் வரிவரியாகச் சொன்னேன்: "அஞ்சு வெற்று, மூணு கறுப்பு, ரெண்டு வெளுப்பு." அவன் வைத்துக்கொண்டே வந்தான். பணி ஓய்வுக்குப் பிறகு நான் நடத்திய முதல் சொல்வதெழுதுதல். குடை மட்டும் பழைய மாதிரி வரவில்லை என்கிறான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போதெல்லாம் சேவ் செய்து மென்பொருளை மூடியதும் முழு ஃபோல்டரையும் தேதி போட்டு இரண்டு இடத்தில் நகல் எடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவின் கணினியில் அந்த நகலைத் திறந்து, படம் எல்லாம் வருகிறதா என்று எனக்குக் காட்ட வேண்டும் என்பது என் உத்தரவு. பென் டிரைவை என் கையில் தருவதில்லை, அது அவன் உத்தரவு.

கொல்லைப்புறம் திரும்பவில்லை. தாத்தா அங்கே சொல்கிற பேச்சு இருக்கிறது, படம் இல்லை. நான் கிராஃப் தாளை எடுத்தால் துவைக்கிற கல் கொய்யாவுக்கு வலப்பக்கம் என்கிறேன், என் மகள் இடப்பக்கம் என்கிறாள். தாத்தா சொன்னது இரண்டும் இல்லை என்கிறான் பேரன்.

ஆகவே சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். 1991-இல் மகள் காதுகுத்துக்கு வந்தவர்கள் கொல்லையில் பந்தி போட்டபோது படம் எடுத்தீர்கள். ஆல்பத்தில் இருந்தால் போனில் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஆட்கள் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் மரமும் கல்லும் தெரிந்தால் போதும்.