பெண்கள் பாடும் கடல்

அயர்லாந்தின் மேற்கே, கால்வே விரிகுடாவின் வாயில் வரிசையாகக் கிடக்கின்றன மூன்று அரான் தீவுகள். நடுத்தீவின் பெயர் இனிஷ்மான். நாங்கள் போனபோது கரையில் கரக் படகுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மெல்லிய மரச்சட்டத்தின்மேல் கித்தானை இழுத்துக் கட்டித் தார் பூசினால் கரக். அதைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடுவார்கள். அவ்வளவு லேசான படகை நம்பித்தான் இந்தத் தீவார் தலைமுறை தலைமுறையாக அட்லாண்டிக்கில் மீன் பிடித்தார்கள்.

படகேறாதவர்களையும் கடல் விடவில்லை. பெரிய தீவான இனிஷ்மோரில் 1852 ஆகஸ்ட் 15 அன்று பாறை விளிம்பிலிருந்து மீன்பிடித்துக்கொண்டிருந்த 15 பேரை ஒரு பேரலை வாரிச் சென்றது.

இனிஷ்மானில் வைக்கோல் வேய்ந்த ஒரு வீட்டைப் பார்வையாளர்களுக்காகக் காத்து வருகிறார்கள். நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங் 1898இல் தொடங்கி சில ஆண்டுகள் வந்து தங்கிய வீடு அது. தொலைவில், டொனெகல் கரையில் ஓர் உடல் ஒதுங்கிய சேதி அவர் இங்கிருந்தபோது வந்தது. ஒற்றைச் செருப்பு, கோடுபோட்ட சட்டை, பணப்பை, புகையிலை டப்பா. இவற்றைக் கொண்டு இறந்தவன் யாரென்று தீவே அலசியது. அவனுடைய சகோதரி தன் நினைவிலிருந்த ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்துத் தெளிந்தாள்.

1904இல் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு தி சீ’ நாடகம் அந்தச் சேதியிலிருந்து முளைத்தது. அதில் தங்கை, காலுறையின் பின்னல் கண்ணிகளை எண்ணி அண்ணனை அடையாளம் காண்கிறாள். தாய் மோரியா கணவனையும் மாமனாரையும் ஆறு மகன்களையும் கடலுக்குக் கொடுத்தவள்.

இந்த நாடகத்தை ஆபரா என்னும் இசை நாடகமாக்க இங்கிலாந்தின் இசையமைப்பாளர் ரேஃப் வான் வில்லியம்ஸ் 1925இல் உட்கார்ந்தார், 1932இல்தான் முடித்தார். நூற்றுக்கணக்கான நாட்டுப்பாடல்களை ஊர் ஊராகச் சேகரித்த மனிதர் அவர். துயரக் கதைக்கு ஒரு பழைய மெட்டை எடுத்துக் கோப்பது அவருக்குக் கைவந்த வேலை. அதை அவர் செய்யவில்லை. சிங்கின் உரைநடையை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, வாக்கியம் ஏறி இறங்கும் போக்கிலேயே சுரத்தை அமைத்தார். ஒப்பாரி வைப்பவளின் குரல் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே போய்வருமே, ஏறக்குறைய அந்த இடம்தான் இந்த இசைக்கும்.

குரல்களைப் பிரித்ததிலும் கணக்கு உண்டு. ஆண் குரலில் பாடும் பாத்திரம் ஒன்றே ஒன்று, கடைசி மகன் பார்ட்லி. அவனும் பாதியில் போய்விடுகிறான். மிச்சமெல்லாம் பெண்கள். மோரியாவுக்குக் கனத்த கான்ட்ரால்டோ குரல், மகள்கள் இருவருக்கும் உச்சக் குரலான சொப்ரானோ. சொல்லே இல்லாமல் புலம்பும் பெண்கள் கூட்டம் ஒன்றும் உண்டு. வாத்தியக் குழு சிறியது. அதோடு கடலோசை எழுப்பும் கருவி ஒன்றையும் இசைக்குறிப்பிலேயே எழுதிச் சேர்த்தார். மேடையில் கடல் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் காதில் விழ வேண்டும்.

முதல் அரங்கேற்றம் 1937 டிசம்பர் 1, லண்டன் ராயல் இசைக் கல்லூரியில். நடத்தியவர் மால்கம் சார்ஜென்ட். மொத்தமே நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் படைப்பு என்பதால், ஒரு மாலையை நிரப்ப இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. பெரிய அரங்குகளில் இது அரிதாகவே கேட்கக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.