சான் சௌ லின்னில் ஒரு சாம்பல் நிறம்

எல்.ஆர்.டி.யின் அம்பாங் தடமும் ஸ்ரீ பெட்டாலிங் தடமும் பிரியும் இடம் சான் சௌ லின். 2023 மார்ச் முதல் புத்ராஜெயா எம்.ஆர்.டி.யும் அங்கே நிற்கிறது. இருந்தாலும் ரயில் மாறுவதற்குத்தான் பெரும்பாலோர் அந்த நிலையத்தைப் பயன்படுத்துகிறோம். காலை நிகழ்ச்சியில் சாலை நெரிசல் சொல்லும்போது இந்தப் பெயர் என் வாயில் அடிக்கடி வரும். கால் வைத்து நடந்தது சென்ற மாதம்தான்.

நடந்தால் மூக்குதான் முதலில் இடத்தைக் கண்டுபிடிக்கும். தின்னர், சூடான ரப்பர், எங்கோ வதங்கும் பூண்டு. தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் சத்தம் ஒரு பக்கம், டயர் கழற்றும் காற்றுத் துப்பாக்கி மறுபக்கம். நிமிர்ந்து பார்த்தால் டி.ஆர்.எக்ஸ். கோபுரம் கண்ணாடியாய் மின்னுகிறது. குனிந்து பார்த்தால் பம்பர், கதவு, விளக்கு, ஸ்டீயரிங் என்று காரின் உறுப்புகள் தரையெல்லாம் அடுக்கிக் கிடக்கின்றன. ஈயச் சுரங்கத்தில் பணம் சேர்த்து, கோலாலம்பூரில் இரும்புப் பட்டறையும் நடத்திய சீனத் தொழிலதிபரின் பெயர்தான் இந்தச் சாலைக்கு. பட்டறைக்காரர் பெயர் கொண்ட தெருவில் இன்றும் பட்டறைகளே இருப்பது பொருத்தம்தான்.

நான் போனது அப்பாவின் புரோட்டோன் வீராவுக்காக. 1993-இல் வந்த மாடல் அது. உள்ளே மிட்சுபிஷி லான்சர், பெயர் மட்டும் நம் 'வீரன்'. எங்களுடையது 1997-இல் வாங்கியது. கே.டி.எம்.மில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் வந்து, இனி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதே நேரத்தில் தங்கைக்குச் சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளியில் வேலை கிடைத்தது. படிப்புக் கடனே இன்னும் தீரவில்லை, ஒன்பது வருடக் கார்க் கடன் எதற்கு, வீராவை எடுத்துக்கொள் என்று வீட்டில் முடிவானது. போமன் என்ஜினைப் பார்த்து "ஓடும்" என்றார். தங்கைதான் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பழைய காரில் போய் இறங்குவேன், அழுக்குக் காரில் இறங்க மாட்டேன்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நம் வெயிலில் நின்ற பிளாஸ்டிக் அது. டேஷ்போர்டு வெளுத்துத் திட்டுத் திட்டாய் இருந்தது. கதவுப் பிடியில் வியர்வையும் பழைய பாலிஷும் சேர்ந்து பிசுபிசுப்பு. ஓட்டுநர் பக்கம் முழங்கை ஊன்றும் இடத்தில் சாம்பல் நிறம் போய் வழுவழுவென்று ஒரு பள்ளம். அதே பாகங்களைப் பழைய சாமான் கடையில் வாங்கலாமே என்று தோன்றும். தேடினேன். கிடைப்பவையும் இதே வெயிலில் இதே அளவு வருடம் நின்றவைதான்! ஆகவே சாயம்தான் வழி.

சாயம் என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் 'பைலாக்ஸ்'தான். எந்த நிறுவனத்து ஸ்பிரே டின்னாக இருந்தாலும் அந்தப் பெயர்தான். "சாம்பல் பைலாக்ஸ் ரெண்டு" என்று கேட்டு வாங்கி வந்துவிடலாம் என்ற நினைப்பில் கடைக்குள் போனேன். கல்லாவில் இருந்த சீனத் தவுக்கே நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "பிளாஸ்டிக்குக்குப் பின்னால் என்ன எழுத்து?" என்று மலாயில் கேட்டார். நல்ல வேளையாகக் கழற்றிய நாணயத் தட்டும் ஆஷ்ட்ரே மூடியும் பையில் இருந்தன. திருப்பிப் பார்த்தால் சின்னதாய் அச்சு: ஒன்றில் ஏ.பி.எஸ்., மற்றதில் பி.பி.

இந்த எழுத்துகளில்தான் எல்லாம் இருக்கிறது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் சாயத்தை எளிதாக ஏற்கும். லேசாய்த் தேய்த்துச் சுத்தம் செய்தாலே போதும். பி.பி., அதாவது பாலிபுரொப்பிலீன், மெழுகு மாதிரி. அதன் மேல் எந்தச் சாயமும் வேர் பிடிக்காது. அடித்த அன்று அழகாய் இருக்கும், அடுத்த மாதம் நகம் பட்டால் தோல் உரிவதுபோல் உரியும். அதற்கு முதலில் பிளாஸ்டிக் பிரைமர் என்ற நிறமில்லாத ஒட்டுப் படலம் அடிக்க வேண்டும். டின்னில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் அதன் மேல் சாயம் ஏறிவிட வேண்டும். இவை இரண்டும் கடினப் பிளாஸ்டிக்குக்கு. மெத்தென்று அமுங்கும் மேலுறை என்றால் அதற்கு வினைல் சாயம் தனி, அது வளைந்து கொடுக்கும். சாதாரண ஸ்பிரே அங்கே வெடிப்பு விடும். தவுக்கே இதையெல்லாம் ஒரு பேனா மூடியைக் கையில் வைத்து வளைத்துக் காட்டியே புரியவைத்தார். வானொலியில் இருப்பவளுக்கு இப்படி வார்த்தை சிக்கனமாய்ப் பேசுகிறவர்கள் மீது எப்போதும் பொறாமை.

அடுத்தது பளபளப்பு. கறுப்பு, பளபளப்பு இரண்டிலும் எனக்கு ஆசை இருந்தது. புதுக் கார்களின் உட்புறம் அப்படித்தானே இருக்கிறது? தவுக்கே இரண்டு மாதிரித் துண்டுகளை நீட்டினார், ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். வெளியே நின்ற அவர் வேன் டேஷ்போர்டில் வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். மதியம் பன்னிரண்டு மணி வெயில். பளபளப்புத் துண்டின் பிம்பம் முன்கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தட்டாக மிதந்தது. அதற்குப் பின்னால் தெருவில் மோட்டார் சைக்கிளில் போனவர் ஒரு கணம் காணாமல் போய் மறுபடி வந்தார். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டப் போகிறவள் தங்கை. மங்கலையே எடுத்தேன், வேறு யோசனை இல்லை. டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்கு இந்த விதியை யாரும் தளர்த்தக் கூடாது என்பேன்.

கறுப்பும் போயிற்று. மங்கலான கறுப்பு பிரதிபலிக்காது என்பது உண்மைதான், ஆனால் இருக்கை, கூரை, கம்பளம் எல்லாம் சாம்பலாக இருக்க, டேஷ்போர்டு மட்டும் கறுத்தால் தலைக்கு மட்டும் சாயம் போட்ட தாத்தா மாதிரி இருக்கும். வெயிலில் சூடும் கூடுதலாய் ஏறும். மூடிய காரில் டேஷ்போர்டு மேல்தளம் 70 பாகையைத் தாண்டுவது நம் நாட்டில் பெரிய விஷயமில்லை. சாம்பலிலும் எத்தனை சாம்பல்! நீலம் கலந்தது, பச்சை கலந்தது, பழுப்பு கலந்தது. வெயில் படாத இடத்து நிறத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்று கையுறைப் பெட்டியின் உள்மூடியைக் கொண்டுவரச் சொன்னார் தவுக்கே. அதற்காக இன்னொரு சனிக்கிழமை போனேன். பழுப்பு கலந்த சாம்பல்தான் பொருந்தியது.

இரண்டாவது பயணத்தில் பின்சந்தில் ஓர் அண்ணனைப் பார்த்தேன். கார்களுக்குச் சாயம் அடிப்பவர், முப்பது வருடத் தொழில். "தங்கச்சி, சாயம் ஒட்டாததுக்குச் சாயத்தைத் திட்டாதே, பாலிஷைத் திட்டு" என்று தொடங்கினார். கார் பளபளக்க நாம் தேய்க்கும் டேஷ்போர்டு பாலிஷ் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அது துளி மிச்சம் இருந்தாலும் சாயம் அந்த இடத்தைவிட்டு விலகி, மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாய்க் குழி விழும். பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு மெழுகு நீக்கி, பிறகு 600 எண் உப்புத்தாள், மறுபடி துடைப்பு. இந்த வரிசைக்கே ஒரு நாள் ஓடும். சாயம் அடிக்கப் பத்து நிமிடம்தான்.

மழை வரும் மாலையில் அடிக்காதே என்றும் சொன்னார். காற்றில் ஈரம் கூடினால் சாயம் காயும்போது வெண்மூட்டம் பிடிக்கும். நம் பருவநிலையில் காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள்தான் வேலை. ஒரே தடவையில் மூடப் பார்க்காமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்லிய பூச்சாக மூன்று நான்கு. பழைய ஆஷ்ட்ரே மூடியில் அடித்துக் காயவைத்து, பிளேடால் கட்டம் கீறி, செலோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தார். டேப்பில் எதுவும் வரவில்லை. இதைச் செய்து பார்க்காமல் டேஷ்போர்டைத் தொடாதே என்றார். ஏர்பேக் உள்ள கார் என்றால் அதன் மூடிமேல் சாயம் வேண்டவே வேண்டாம், விரியும்போது மூடி பிளக்க வேண்டிய விதத்தில் பிளக்காமல் போகலாம். எங்கள் வீராவில் ஏர்பேக் இல்லை. அந்தக் கவலை வேறு மாதிரிக் கவலை, அம்மாவிடம் சொல்லவில்லை.

எல்லாம் சேர்த்து எண்பது வெள்ளிக்குள் முடிந்தது. வெளியே நிறம் மாற்றினால் ஜே.பி.ஜே.யிடம் பதிய வேண்டும். உள்ளே யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சாயத் துண்டைக் காட்டினேன். முகத்துக்கு அருகில் வைத்து, சாய்த்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதான், வாங்கினப்போ இருந்த கலர்" என்றார். முழங்கைப் பள்ளத்தை மட்டும் அப்படியே விடலாமா என்று கேட்டேன். எனக்கு அதைப் பார்த்தால் ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று அவர் எங்களை அழைத்துப்போன எல்லா விடுமுறையும் ஞாபகம் வரும்.

"தேய்ஞ்சது பிளாஸ்டிக், நான் இல்ல. அதையும் அடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ கை அங்க வழுக்கும்மா" என்றார்.

பள்ளத்தைப் பிளாஸ்டிக் புட்டியால் நிரப்பி, தேய்த்து, அதன் மேல் பூசினோம். கை அதிகம் படும் இடம் என்பதால் மங்கல் பாதுகாப்புப் பூச்சு இரண்டு தடவை கூடுதலாக. கொசு மருந்து தடவிய கையோடு தொடாதே என்று தங்கைக்குச் சொல்லியிருக்கிறேன், அதில் உள்ள டீட் சாயத்தையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும். சுங்கை சிப்புட்டில் கொசு எப்படியோ தெரியாது, அவள் பையில் கொசு மருந்து எப்போதும் இருக்கும்.

தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்தது, முழுதாய் இறுக ஒரு வாரம். அந்த வாரம் முழுக்கக் கண்ணாடிகள் இறக்கிய நிலையில் வாசலில் நின்றது வண்டி. பூனை ஏறிவிடாமல் அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பல கடைகள் கதவை இறக்கிவிடுகின்றன. கழற்றக் கூடிய ஏதாவது ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். பின்பக்கத்து எழுத்தை வீட்டிலேயே படித்துவிடுங்கள். ரயிலில் போவது நல்லது, அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை.