வான்கோழியும் கௌதாரியும்



சித்திரை பாதியில் ஒரு நாள் காலை. அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கும் பேரன் (மூத்த மகளின் மகன்) போனில் பேசினான். நலம் விசாரித்து முடித்ததும், "தாத்தா, வர்ற சனிக்கிழமை வான்கோழி வேட்டைக்குப் போறேன்" என்றான். கூட வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரர் கூட்டிக்கொண்டு போகிறாராம். வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, லைசென்சும் வாங்கியாயிற்றாம்.

கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். உங்களுக்கும் சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

வான்கோழி என்றால் நமக்கு மயிலைப் பார்த்துத் தானும் ஆடிய அந்த மூதுரைப் பறவைதான் நினைவுக்கு வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குக் கூடவே இன்னொன்றும் வரும். பிரெஞ்சில் அதன் பெயர் 'தேந்த்'. 'இந்தியாவிலிருந்து வந்தது' என்று பொருள். ஆங்கிலேயன் அதைத் துருக்கிக்காரன் ஆக்கினான். துருக்கிக்காரனோ அதை 'ஹிந்தி' என்கிறான். மெக்சிகோப் பக்கத்திலிருந்து ஸ்பானியர்கள் கொண்டுவந்த பறவையை ஆளாளுக்கு அடுத்தவன் தலையில் கட்டியிருக்கிறார்கள்! வகுப்பில் இதைச் சொன்ன ஆசிரியரே வேட்டைக்காரர்களின் இன்னொரு சொல்லையும் சொல்லித் தந்தார்: 'ப்ரதூய்'. வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவனைச் சொல்லும் வார்த்தை. கேலிச் சொல்தான்.

பேரனிடம் முதலில் கேட்டது, "அங்கே என்ன ஆபத்து?" என்பதுதான். புலியா, கரடியா என்று கேட்கிறேன் என நினைத்திருப்பான். சிரித்துக்கொண்டே, "இன்னொரு வேட்டைக்காரன்தான் தாத்தா ஆபத்து" என்றான். பையன் வகுப்பில் தூங்கவில்லை என்று தெரிந்தது.

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் சட்டை போட்டுக்கொள்வார்கள். மானுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவது போலத் தெரியாது, ஆனால் சக வேட்டைக்காரனுக்கு நூறு கஜத்துக்கு அப்பாலிருந்தே தெரியும். வான்கோழியிடம் இந்த வித்தை பலிக்காது. அதற்கு நிறங்கள் நன்றாகவே தெரியும், சிறு அசைவைக்கூடக் கண்டுபிடித்துவிடும். ஆகவே தலை முதல் கால்வரை இலை தழை நிறத்தில் உடுத்தி, முகத்தையும் மூடிக்கொண்டு, மரத்தடியில் கல்லுப்போல உட்கார வேண்டும். பறவையிடமிருந்து ஒளிகிறவன் அடுத்த வேட்டைக்காரனிடமிருந்தும் ஒளிந்துவிடுகிறான் அல்லவா? அங்கேதான் சிக்கல்.

அதோடு போகவில்லை. வசந்த காலத்தில் சேவல்களைத்தான் சுடலாம். சேவலை வரவழைக்க இவன் பெட்டைபோலக் குரல் கொடுக்க வேண்டும். சிலர் பெட்டை பொம்மை ஒன்றையும் முன்னால் நட்டுவைப்பார்கள். இப்போது எண்ணிப் பாருங்கள். அதே காட்டில், அரையிருட்டில், இன்னொருவன் வருகிறான். வான்கோழிச் சத்தம் கேட்கிறது. புதருக்குள் ஏதோ அசைகிறது. அந்தச் சேவலின் தலை நீலமும் வெள்ளையும் சிவப்புமாக இருக்குமாம். பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்கள்! அதனால் அந்த மூன்று நிறத்திலும் ஒரு கைக்குட்டைகூட, கால் உறைகூட வெளியே தெரியக் கூடாது. வேர்வை துடைக்க வெள்ளைத் துணியை எடுத்தாலே போதும், அது இன்னொருவன் கண்ணுக்குக் கோழித்தலை ஆகிவிடும்.

சாய்ந்து உட்காரும் மரம் தோளைவிட அகலமாகவும் தலையைவிட உயரமாகவும் இருக்க வேண்டும். பின்னாலிருந்து வருவதை அது தாங்கும். (நம்மூர்ப் பனை அதற்குப் போதாது. இது எனக்குத் தெரியும்.) யாராவது வருவது தெரிந்தால் கையை ஆட்டக் கூடாது, கோழிக் குரலும் கொடுக்கக் கூடாது. மனிதக் குரலில், "நில்!" என்று உரக்கக் கத்த வேண்டும். அன்றைய வேட்டை கெட்டுப்போகும், போகட்டும். சுட்ட பறவையைத் தூக்கி வரும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, சத்தம் கேட்ட திசையை நோக்கி ஊர்ந்து போகவே கூடாது. அவன் இருக்கும் மாநிலத்தில் அது சட்டப்படியே தடையாம். உட்கார்ந்த இடத்துக்குப் பறவை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

இதைக் கேட்டதும், "பேஷ், இந்தச் சட்டம் தசரதனுக்கு இல்லாமல் போயிற்றே" என்றேன். பேரனுக்குப் புரியவில்லை. சரயு நதிக்கரையில் இருட்டில் குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை தண்ணீர் குடிக்கும் சத்தம் என்று எண்ணி, ஒலி வந்த திசையில் அம்பு விட்ட கதையைச் சொன்னேன். குருட்டுத் தாய் தகப்பனுக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளை செத்தான். குறி தவறிய கதையா அது? தசரதனின் குறி தவறவே இல்லை.

என் குறியும் தவறவில்லை.

1976 பொங்கல். காரைக்காலில் குமாஸ்தா வேலை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, லீவு போட்டு அஞ்சுகிராமம் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தேன். மாமனாரிடம் பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் உள்ள ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய்வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற பழைய சாமான். என் மைத்துனனுக்கு அப்போது வயது 19. கௌதாரிபோலக் கூப்பிடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நிஜக் கௌதாரியே மயங்கிப் பதில் கொடுக்கும். கூண்டுக் கௌதாரி வைத்துப் பிடிக்கிறவர்கள்கூட, "தம்பி, நீ ஒரு கூண்டுக்குள்ள உக்காந்தா எங்களுக்குத் தீனிச் செலவு மிச்சம்" என்பார்களாம்.

கரிநாளன்று விடியற்காலம், மாமனாருக்குத் தெரியாமல் இரண்டு பேரும் கிளம்பினோம். 1972-லேயே வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது. அரசாங்க ஊழியனான எனக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. ஊருக்குக் கிழக்கே அந்தக் காலத்தில் உடங்காடும் பனையுமாகக் கிடந்தது. நான் ஒரு பனையடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்தேன். அவன் எனக்கு வலது பக்கம் ஒரு உடைமரத்தின் மறைவில் இருந்து கூப்பிடுவதாக ஏற்பாடு. கூப்பிட்டான். இடது பக்கம் தூரத்தில் ஒரு கௌதாரி பதில் சொன்னது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

நடந்தது என்னவென்றால், பதில் வந்த பக்கம் இன்னும் நெருங்கினால் பறவை வெளியே வரும் என்று நினைத்து, அவன் என்னிடம் சொல்லாமல் பின்பக்கமாகச் சுற்றி இடது பக்கம் போய்விட்டான். அங்கே குனிந்து இருந்து கூப்பிட்டான். எனக்கு இடது பக்கப் புதரில் கௌதாரிச் சத்தம், நாற்பது எட்டு தூரம்கூட இருக்காது. இலைக்கு நடுவில் சாம்பல் நிறம் அசைந்தது, கீழே கொஞ்சம் சிவப்பு. கௌதாரியின் கால் சிவப்பு. சுட்டேன்.

புகை கலைவதற்குள், "அத்தான்" என்று ஒரு குரல். அலறல் இல்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, அவ்வளவுதான்.

சாம்பல் நிறம் அவன் போட்டிருந்த துண்டு, சிவப்பு அதன் கரை. இடது தோளில் மூன்று ரவை. மற்றதெல்லாம் அவன் தலைக்கு மேலே பனை மட்டையில். அவன் குனியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன்.

அவனைத் தாங்கிக்கொண்டு வீடு வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ், மருமகனுக்கு வேலை போய்விடும் என்று அவனே பிடிவாதம் பிடித்தான். தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் வந்து கட்டுப் போட்டார். ரவைகளை அவர் தொடவில்லை. ஊரில் கேட்டவர்களுக்குப் பனங்கருக்கு கிழித்துவிட்டது என்று சொல்லப்பட்டது. மாமனார் அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. ராத்திரி திண்ணையில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மருமவனே, பாத்துட்டுத்தான் சுட்டியளா?"

"ஆமாம் மாமா" என்றேன். உண்மையும் அதுதான். அந்தக் கௌதாரியை நான் பார்த்தேன், இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. வராத பறவைக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தவனின் மனசு, சத்தம் கேட்டதுமே கௌதாரி என்று தீர்ப்பு எழுதிவிட்டது. கண் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது. குமாஸ்தா புத்தி, இப்படித்தான் சொல்ல வருகிறது.

அடுத்த வாரமே மாமனார் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்து லைசென்சையும் ரத்து செய்துகொண்டார். எனக்கு விதி வேறு மாதிரி வேலை வைத்திருந்தது. பின்னாளில் ஆபீசில் சில வருடம் படைக்கலன் உரிமப் பிரிவு என் மேஜைக்கு வந்தது. 1959 சட்டம், மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது. 'பயிர்ப் பாதுகாப்பு' என்ற காரணத்தைப் பார்க்கும்போதெல்லாம் பேனா ஒரு நிமிடம் நிற்கும். மனுதாரர் மேல் வழக்கு உண்டா என்று பார்ப்போம். அவருக்குச் சுடத் தெரியுமா, சுடாமல் இருக்கத் தெரியுமா என்று கேட்க அந்தக் காலத்தில் படிவத்தில் கட்டம் கிடையாது. 2016-ல் வந்த புதிய விதிகளில்தான் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயம் ஆக்கினார்கள். அதற்குள் நான் ஓய்வு பெற்றாயிற்று.

பெரிய மனிதர்களுக்கும் இது நடக்கிறது. 2006 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செனி டெக்சாசில் காடை வேட்டையின்போது, உடன் வந்த விட்டிங்டன் என்ற 78 வயது வக்கீலைச் சுட்டுவிட்டார். அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் பறவையோடு குழலைத் திருப்பியதில் வந்த வினை. ஒரு ரவை இதயம்வரை போயிற்று. ஆனாலும் மனிதர் பிழைத்து 2023 வரை வாழ்ந்தார். பிரான்சில் 2020 டிசம்பரில் லோத் மாவட்டத்தில், தன் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த 25 வயதுப் பையனைக் காட்டுப்பன்றி என்று சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம் புதுக்கோட்டை நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30 அன்று, துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு ஒன்று 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்ததையும், நான்காம் நாள் அவன் இறந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது வேட்டை அல்ல. ஆனால், 'குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே' என்பது பேரன் படித்த பாடத்திலும் முதல் வரிசையில் இருக்கிறது.

மைத்துனனின் ரவைகளுக்கு வருகிறேன். தசைக்குள் கிடக்கும் ஈயத்தைப் பெரும்பாலும் டாக்டர்கள் எடுப்பதில்லை, மூட்டுக்குள் இருந்தால் கரைந்து விஷமாகும் ஆபத்து அதிகமாம். 2018-ல் முதுகுவலி என்று நாகர்கோவிலில் எக்ஸ்ரே எடுத்தபோது தோளருகே மூன்று வெள்ளைப் புள்ளிகள். டாக்டர் கேட்க, பிள்ளைகள் திகைக்க, நானும் அங்கேதான் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "சின்ன வயசுல வெடி போட்டு வெளையாடினது சார்" என்று சொல்லிவிட்டான். நாற்பத்திரண்டு வருடம் கழித்து எனக்காக இரண்டாவது பொய்.

போன ஐப்பசியில் அவன் காலமானான். பதினாறு முடிந்தபின் பிள்ளைகளை உட்காரவைத்து நானே சொல்லிவிட்டேன். மூத்தவன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அதனாலதான் அப்பா எங்களுக்கு ஒருநாளும் கௌதாரிச் சத்தம் போட்டுக் காட்டலையா மாமா?" என்றான். மற்றவர்கள் வந்து அவன் வித்தையைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறார்கள் போலும். எழுதிக்கொள்ளலாம் என்று சம்மதம் தந்ததும் அவர்கள்தான்.

பேரனிடமும் அன்று போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "போகாதே" என்று சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற வயதல்ல, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. "ஒன்றே ஒன்று. நீ சுட நினைப்பது வான்கோழி இல்லை, அந்த வெள்ளைக்காரர்தான் என்று வைத்துக்கொண்டு பார். அவர் இல்லை என்று தெரிந்த பிறகு, கோழிதானா என்று பார்" என்றேன். "சரி தாத்தா" என்றான். சிரிக்கவில்லை.

அந்த சனி, ஞாயிறு எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கொல்லைக்கு அப்பால் மனை போட்டு விற்காமல் கிடக்கும் காட்டில் விடிகாலையில் கௌதாரி கூப்பிடும். மனைவி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் வந்தது. இரண்டு தரம் பக்கத்தில் சத்தம் கேட்டதாம், எழுந்து போகவில்லையாம். ஒரு தரம் புதரில் எதுவோ அசைந்ததாம், சுடவில்லையாம். அது என்னவென்று கடைசிவரை தெரியாதாம்.

"ப்ரதூய்" என்றேன்.

"என்ன தாத்தா?"

"ஒன்றுமில்லை. அம்மாவிடம் போனைக் கொடு."