மௌனமாகக் குடியிருக்கும் எதிரி

வலியில்லை, காய்ச்சலில்லை, ஆகவே உடலில் நோயுமில்லை என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு எவ்வளவு பிழையானது என்பதைத் தம் ஆய்வுகளால் உணர்த்திய அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் உண்டு. அவர் டாக்டர் எரிக் ஓட்டசன். யானைக்கால் புழுவுக்கும் மனித உடலின் எதிர்ப்பாற்றலுக்கும் இடையே நடக்கும் போராட்டத்தை ஆராய்ந்தவர்.

அவரது ஆராய்ச்சி எங்கள் இல்லத்தோடும் தொடர்புடையது. எங்கள் அத்தா கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவர். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்து, சேர்வராயன் மலையில் குடியேறினார். சில ஆண்டுகளில் நள்ளிரவு இருமல் அவரை வாட்டத் தொடங்கியது. பகலில் தணியும், இரவில் மூச்சு வாங்கும். மலைப்பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றனர் சிலர். ஆஸ்துமா என்றனர் வேறு சிலர். வேலையை விட்டு ஊர் திரும்பிவிடவும் அவர் துணிந்துவிட்டார். அப்போது சேலத்து மருத்துவர் ஒருவர் இரத்தத்தைச் சோதித்து, ஈஸினோபில் என்னும் வெள்ளையணுக்கள் பன்மடங்கு பெருகியிருப்பதைக் கண்டார். மூன்று வாரம் மாத்திரை கொடுத்தார். இறையருளால் இருமல் நின்றது, வேலையும் நிலைத்தது.

பழி பனியின் மேல் இல்லை. கழிவுநீரில் பெருகும் கொசு, கும்பகோணத்திலேயே அவர் உடலில் விதைத்துவிட்ட புழுதான் காரணம். அதே புழு ஒருவருக்குக் காலை வீங்கச் செய்கிறது. மற்றொருவருக்கு இருமலைத் தருகிறது. பலருக்கு எதுவுமே செய்வதில்லை. ஏன்?

இக்கேள்விக்கு விடை தேடியே ஓட்டசன் பசிபிக் பெருங்கடலிலுள்ள குக் தீவுகளுள் ஒன்றான மௌக்கேவுக்குச் சென்றார். இரத்தத்தில் புழுக்குஞ்சுகள் நிறைந்திருந்தும் நலமாகக் காணப்பட்டோரை ஆராய்ந்தார். பிறவற்றை எதிர்க்கும் அவர்களது வெள்ளையணுக்கள், இந்தப் புழுவின் முன் மட்டும் வாய்மூடி நின்றன! 1977ஆம் ஆண்டு இதை வெளியிட்டார். வீட்டைக் காக்க வேண்டிய காவலனையே புழு உறங்க வைத்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது எங்கள் அத்தாவுக்கு வந்த ஈஸினோபிலியா. சென்னையின் புகழ்பெற்ற மருத்துவர் கே.வி. திருவேங்கடம், காசநோய் ஆராய்ச்சி மையத்தின் எஸ்.பி. திரிபாதி முதலியோருடன் சேர்ந்து ஓட்டசன் அதை ஆராய்ந்தார். 1979இல் 'லான்செட்' இதழில் அம்முடிவு வெளிவந்தது. அந்நோயாளிகளிடம் காவலன் உறங்குவதில்லை. அளவுக்கு மீறிச் சினந்து, நுரையீரலையே புண்படுத்திவிடுகிறான்.

பின்னர், சென்னையில் டாக்டர் வி. குமாரசாமியும் ஓட்டசனும் அவர்களது தோழர்களும் ஐவர்மெக்டின் மருந்தைச் சோதித்தனர். ஒரே வேளை மருந்தில் இரத்தத்திலுள்ள புழுக்குஞ்சுகள் மறைவதை 1988இல் அறிவித்தனர். குஞ்சுகள் இல்லையேல் கொசுவுக்கு எடுத்துச் செல்ல ஒன்றுமில்லை. கொசு கொண்டு செல்லாவிடில் நோயும் பரவாது. ஆண்டுக்கொரு முறை ஊர் முழுவதும் மருந்துண்டால் போதும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய ஓட்டசன், உலக சுகாதார நிறுவனத்தில் இந்நோயை ஒழிக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். மாலத்தீவும் இலங்கையும் 2016இல் இந்நோயை ஒழித்த நாடுகளாக அந்நிறுவனத்தின் சான்று பெற்றன.

நம் நாட்டில் 2004 முதல் நாடு தழுவிய அளவில், நோய் பரவியுள்ள மாவட்டங்களில் மாத்திரை வழங்கப்பட்டு வருகிறது. கருவுற்ற பெண்களுக்கும், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும், கடும் நோயாளிகளுக்கும் அது தரப்படுவதில்லை. மற்றவர்களோ, "நலமாயிருக்கும் எனக்கு மாத்திரை எதற்கு?" என்று கேட்டு, வாங்கியதை அலமாரியில் வைத்துவிடுகின்றனர். எண்ணிப் பாருங்கள்! இரத்தத்தில் குஞ்சுகளைச் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகத் தோன்றுபவரே. அவர் தம்மை அறியாமல் கொசுவுக்குக் கொடுப்பதை, அண்டை வீட்டுக் குழந்தை காலமெல்லாம் காலில் சுமக்க நேரலாம்.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் பணித்துள்ளார்கள். அண்டை வீட்டாரின் உரிமையையும் வலியுறுத்தியுள்ளார்கள். இவ்விரு கடமைகளும் ஒரு மாத்திரையில் ஒன்று சேர்கின்றன. சுகாதாரப் பணியாளர் உங்கள் வாசலுக்கு வந்தால் மறுக்காதீர்கள். உணவுக்குப் பின் அவர் முன்னிலையிலேயே உட்கொள்ளுங்கள். வீட்டருகே கழிவுநீர் தேங்க விடாதீர்கள். வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்ல உடல்நலத்தை அருள்வானாக! ஆமீன்.