வழுக்கலும் பிடிப்பும்

என்ஜின் ஆயில் கெட்டியாக இருந்தால்தான் நல்லது என்பது நம் பட்டறைகளில் வேதவாக்கு. ஒரு சொட்டைத் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்குகளை நிறையக் கண்டிருக்கிறேன். அந்தத் தேய்ப்பில் அனுபவம் உண்டு. ஆனால் என்ஜின் கொதிக்கையில் அதே ஆயில் என்ன ஆகும் என்பதை விரல் அறியாது. அதைச் சொல்லத்தான் டப்பாவின்மேல் 10டபிள்யூ-30 என்று அச்சிடுகிறார்கள். டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதையும், அடுத்தது 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. (இரண்டுமே வெப்பநிலை அளவுகள் அல்ல, பலர் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.)

எண்களைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. காரில் கியர்பெட்டிக்குத் தனி ஆயில். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலோ என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. பிஸ்டன் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். கிளட்ச் தட்டுகள் வழுக்கவே கூடாது. ஒரே திரவத்திடம் இரண்டையும் கேட்கிறோம். போதாததற்குக் கியர் பற்கள் ஆயிலில் உள்ள நீண்ட பாலிமர் இழைகளை ஓயாமல் அரைத்து அதை நீர்க்கச் செய்கின்றன.

சேந்தமங்கலத்தில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன், எவர்சில்வர் பாத்திரங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கொல்லிமலைக்குப் போய் விற்று வருபவர். 100 சிசி வண்டி, 70 கொண்டை ஊசி வளைவுகள். சென்னையிலிருந்து வந்த மருமகன், தன் காருக்கு ஊற்றும் விலையுயர்ந்த சிந்தெடிக் ஆயில் மூன்றரை லிட்டர் டப்பா ஒன்றை மாமனாருக்கு ஆசையாக வாங்கி வந்திருந்தார். அதை ஊற்றிய மறுவாரமே மலைப்பாதையில் என்ஜின் அலறியது, வண்டி ஏறவில்லை. "வண்டிக்கு வயசாயிப்போச்சு தம்பி, எனக்கு ஆன மாதிரியே" என்றார். விற்றுவிட விலையும் பேசியாயிற்று. அந்த வண்டி போனால் அவருக்கு மலையும் போயிற்று, பிழைப்பும் போயிற்று.

டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பின்புறத்து வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில், எரிபொருளை மிச்சப்படுத்தும் ரகம் என்று பொருள்படும் ஆங்கில வாசகம். இத்தகைய ஆயில்களில் பெரும்பாலும் உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். காருக்கு அது வரம். ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்குச் சாபம். இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பானியர்கள் 1998இல் ஜாஸோ என்ற தர அளவை வகுத்தார்கள். எம்ஏ என்றால் கிளட்ச் பிடிக்கும். எம்பி உராய்வு குறைந்த ரகம். கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. விலையைப் பார்க்கும் நம் கண்ணுக்கு இந்த இரண்டெழுத்து படுவதேயில்லை.

வண்டியின் கையேடு கேட்டது 10டபிள்யூ-30, எம்ஏ. சாதாரண மினரல் ஆயில்தான். நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40தான் தாங்கும் என்று மெக்கானிக் முணுமுணுத்தார். கிளட்ச் தட்டுகளையும் மாற்றச் சொன்னார். அண்ணன் ஆயிலை மட்டும் மாற்றினார். தட்டுகளில் ஊறியிருந்தது போகச் சில நாள்கள் ஆயின. இடையில் இன்னொரு முறையும் வடித்து ஊற்றவேண்டியிருந்தது. அதன்பின் மூட்டையோடு மலையேறினார்.

பொங்கலுக்கு வந்த மருமகன், "ஆயில் எப்படி மாமா?" என்று கேட்டார். "வண்டி பறக்குதுங்க மாப்ள" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல். மிச்ச ஆயில் அவர் வீட்டு இரும்புக் கதவின் கீல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.